ஒரு மணி நேரம் கூடுதலாக உழைத்தால் கையில் எவ்வளவு மிஞ்சும்?

"சும்மா இருப்பவனுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தால் அவன் ஏன் வேலைக்குப் போகப்போகிறான்?" நலத்திட்டம் என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கேள்வியில் தப்பில்லை. ஆனால் பேச்சு உடனே மனிதர்களின் குணத்துக்குத் தாவி, உழைப்பாளி யார், சோம்பேறி யார் என்று முடிந்துவிடுகிறது. பொருளியலில் இதை வேறு பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். உதவித்தொகை வாங்கும் ஒருவர் அடுத்த வாரம் ஒரு மணி நேரம் கூடுதலாக வேலை செய்தால், எல்லாம் போகக் கடைசியில் அவர் கையில் நிற்பது எவ்வளவு? இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் குணத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தேவைப்படாது.

பிரிட்டனில் இருந்து ஓர் உதாரணம். உடம்பு முடியாதவரையோ மாற்றுத்திறனாளியையோ வாரத்துக்கு 35 மணி நேரமாவது கவனித்துக்கொள்பவர்களுக்கு அங்கே கேரர்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகை உண்டு. 2024 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் அது வாரம் 81.90 பவுண்ட். பகுதிநேரமாக வேலைக்கும் போகலாம். ஆனால் வரி முதலிய கழிவுகள் போக வாரச் சம்பளம் 151 பவுண்டைத் தாண்டக்கூடாது. படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டே, பக்கத்துக் கடையில் பில் போடும் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் சரியாக 151. உதவித்தொகையும் சேர்ந்தால் 232.90 பவுண்ட். ஒரு வாரம் கடையில் கூட்டம் அதிகம், அரை மணி நேரம் கூடுதலாக நிற்கிறார். சம்பளம் ஏறக்குறைய 157 பவுண்ட் ஆகிறது. எல்லையைத் தாண்டியாயிற்று, 81.90 பவுண்டும் மொத்தமாகப் போயிற்று. ஆறு பவுண்ட் கூடுதலாகச் சம்பாதித்த வாரத்தில் வீட்டுக்கு வரும் பணம் 76 பவுண்ட் குறைகிறது.

அடுத்த முறை கடைக்காரர் கேட்கும்போது அவர் முடியாது என்று சொன்னால், அதில் சோம்பல் எங்கே இருக்கிறது? கணக்குத் தெரிந்த எவரும் அதைத்தான் செய்வார். கணக்குத் தெரியாமல் கூடுதலாக நின்றவர்களின் கதைதான் இன்னும் மோசம். அவர்கள் எல்லையைத் தாண்டியதை அரசுத் துறை பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்துத்தான் சொன்னது. அதுவரை வாங்கிய தொகையை மொத்தமாகத் திருப்பிக் கேட்டது. சிலர் தலையில் ஆயிரக்கணக்கான பவுண்ட் கடன். 2024இல் இது அங்கே பெரிய விவகாரமாக வெடித்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பராமரிப்பாளர்கள் இப்படித் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தது தெரியவந்தது. 2025 ஏப்ரலில் எல்லையை 196 பவுண்டாக உயர்த்தினார்கள். கோடு தள்ளிப்போனது நல்லதுதான். கோட்டைத் தாண்டினால் எல்லாம் போய்விடும் என்ற விதி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இப்படி ஒரே அடியில் எல்லாம் போகும் இடத்தைத்தான் நலத்திட்ட வடிவமைப்பில் மிக ஆபத்தான இடம் என்பார்கள். இதற்கு மாற்று, சம்பளம் ஏற ஏற உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. அந்தக் குறைப்பு வீதம் எவ்வளவு இருக்கலாம் என்பதுதான் நலத்திட்டச் சீர்திருத்தத்தின் மையக் கேள்வி என்று நினைக்கிறேன். சட்டத்தின் பெயர், மந்திரியின் பேச்சு எல்லாம் அப்புறம்.

பிரிட்டனில் 2012இல் வந்த நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் இந்தக் கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. வேலை தேடுவோருக்கு, வாடகைக்கு, குழந்தைகளுக்கு என்று தனித்தனியாக இருந்த ஆறு உதவிகளை ஒன்றாக்கி யுனிவர்சல் கிரெடிட் என்ற ஒரே தொகையாக மாற்றினார்கள். 2013இல் மான்செஸ்டர் பக்கத்து ஆஷ்டன்-அண்டர்-லைன் என்ற ஊரில் தொடங்கி, நாடு முழுக்கப் படிப்படியாகக் கொண்டுபோனார்கள். ஏன் ஒன்றாக்க வேண்டும்? பழைய முறையில் ஒவ்வொரு உதவியும் தன் பங்குக்குக் கைவைத்தது. வருமான வரி 20 சதவீதம், சம்பளத்திலிருந்து பிடிக்கும் தேசியக் காப்பீட்டுக்கு 12, குழந்தைக்கும் வேலைக்குமான சலுகையில் 41. ஆக 100 பவுண்ட் கூடுதலாகச் சம்பாதித்தவரிடம் 73 பவுண்ட் உடனே போனது. மிச்சமிருக்கும் 27 பவுண்டில் வாடகை உதவிக்காக 65 சதவீதமும், உள்ளாட்சி வரிச் சலுகைக்காக 20 சதவீதமும் பிடித்தார்கள். கடைசியில் கையில் நின்றது நாலு பவுண்ட் சொச்சம். பஸ் கட்டணத்துக்கே காணாது. தனித்தனியாகப் பார்த்தால் எந்த விதியும் கொடுமையாகத் தெரியாது. எல்லாம் ஒரே ஆள் மேல் சேர்ந்து விழும்போதுதான் இப்படி ஆகிறது.

யுனிவர்சல் கிரெடிட்டில் ஒரே வீதம். கையில் வரும் சம்பளத்தின் ஒவ்வொரு பவுண்டுக்கும் முதலில் 65 பென்ஸ் (ஒரு பவுண்டுக்கு 100 பென்ஸ்) குறைத்தார்கள், 2017இல் 63 ஆனது, 2021 கடைசியில் 55 ஆனது. அதாவது வரி வரம்புக்குக் கீழே இருப்பவர் ஒரு பவுண்ட் சம்பாதித்தால் 45 பென்ஸ் அவருக்கே. 2025இல் அங்கே 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். ஒரு மணி நேரம் கூடுதலாக உழைத்தால் கையில் சுமார் 5.49 நிற்கும். வரி வரம்பைத் தாண்டியவருக்கு முதலில் வரியும் காப்பீடும் 28 சதவீதம் போகும், மீதியில் 55 சதவீதம் உதவித்தொகையில் குறையும். அவருக்கு அந்த மணி நேரத்துக்கு மிஞ்சுவது நாலு பவுண்டுக்கும் சற்றுக் குறைவு. இதில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டால் அந்தச் செலவில் 85 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும், மீதி அவருடையது. நிறைய சம்பாதிக்கும் ஒருவரிடம் "உன் அடுத்த நூறு ரூபாயில் 68 ரூபாயை எடுத்துக்கொள்கிறேன்" என்றால் என்ன கூச்சல் வரும் என்று யோசித்துப் பாருங்கள். குறைந்த கூலிக்காரருக்கு இந்த வீதம் சீர்திருத்தத்துக்குப் பிறகும் வாழ்க்கையின் ஒரு பகுதி.

சரி, வீதத்தை இன்னும் குறைத்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். வேலையே இல்லாதவருக்கு மாதம் 800 என்று ஓர் உதவி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் குறைத்தால், 800 சம்பாதிப்பவருக்கு உதவி நின்றுவிடும். ஐம்பது பைசா குறைத்தால் 1,600 சம்பாதிப்பவர் வரை கொடுக்க வேண்டும். இருபத்தைந்து பைசா என்றால் 3,200 வரை. குறைப்பு வீதத்தை இறக்க இறக்க, உதவி வாங்குவோர் கூட்டம் மேல்நோக்கிப் பரவுகிறது. செலவு ஏறுகிறது. அதுவரை எந்தக் குறைப்பும் இல்லாமல் முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நடுத்தரக் குடும்பம் இப்போது இந்த வளையத்துக்குள் வந்துவிடுகிறது. அவர்களுக்கும் ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்திலும் பிடித்தம். ஏழைக்குப் போதுமான தொகை, உழைத்தால் கையில் நிற்கும் பங்கு, அரசுக்குத் தாங்கக்கூடிய செலவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். ஒன்றைத் தளர்த்தாமல் மற்ற இரண்டையும் முழுதாக அடைந்த நாடு எதுவும் இல்லை. "இனி உழைப்பவருக்குத்தான் பலன்" என்று எந்த அரசு சொன்னாலும், இந்த மூன்றில் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று தேடிப் பாருங்கள். எங்காவது இருக்கும்.

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. யுனிவர்சல் கிரெடிட்டில் குழந்தை உள்ளவர்களுக்கும் உடல்நலக் குறைவால் அதிகம் வேலை செய்ய முடியாதவர்களுக்கும் ஒரு சலுகை உண்டு: முதல் சில நூறு பவுண்ட் சம்பளத்துக்குக் குறைப்பே கிடையாது. 2025-26இல் வாடகை உதவியும் வாங்கும் குடும்பத்துக்கு மாதம் 411 பவுண்ட் வரை. ஆனால் அது ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான். கணவர் ஏற்கெனவே வேலைக்குப் போய் அதைப் பயன்படுத்திவிட்டால், மனைவி வேலைக்குச் சேரும் முதல் நாளே, முதல் பவுண்டிலிருந்தே 55 பென்ஸ் குறைகிறது. குழந்தைக் காப்பகச் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு "நான் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்" என்று முடிவெடுக்கும் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டாவதாகச் சம்பாதிக்க வருபவர் பெரும்பாலும் பெண் என்பதால், நடுநிலையாகத் தோன்றும் இந்த விதியின் பாரம் அவர்கள் மேல்தான் இறங்குகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் கையில் நிற்கும் பணத்தை வைத்து வேலைக்குத் தூண்டும் வழி. இரண்டாவது வழி ஒன்று உண்டு, கட்டாயப்படுத்துவது. இத்தனை மணி நேரம் வேலை செய்தால்தான் உதவி, இத்தனை ஆண்டுகளுக்கு மேல் கிடையாது, வேலை தேடியதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் நிறுத்தம். சீர்திருத்தம் என்ற பெயரில் இரண்டையும் ஒன்றாகக் கலந்துதான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். பிறகு வேலைக்குப் போவோர் எண்ணிக்கை கூடினால், எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டமாகிவிடுகிறது.

அமெரிக்காவின் 1996 சட்டம் இதற்குப் பேர்போன உதாரணம். குழந்தைகளோடு தனியாக இருக்கும் ஏழைத் தாய்மார்களுக்கு 1935 முதல் அங்கே ஓர் உதவித்தொகை இருந்தது. 1981இல் ரீகன் ஆட்சியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் கழிந்ததும், அனுமதித்த சில கழிவுகள் போக, சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் உதவியில் குறைந்தது. மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்ளும் மெடிக்கெய்டும் பெரும்பாலும் இந்த உதவியோடு பிணைந்திருந்தது. காதுவலியால் அழும் குழந்தையை வைத்துக்கொண்டு, காப்பீடு இல்லாத ஒரு குறைந்த கூலி வேலைக்காக இந்த உதவியைக் கைவிடத் துணியும் தாய் யார்?

1990களில் மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன. 1975 முதல் சிறிய அளவில் இருந்த ஈட்டிய வருமான வரிச் சலுகையை 1993இல் பெரிதாக விரித்தார்கள். குறைந்த கூலி வாங்கும் பெற்றோருக்கு, இரண்டு குழந்தைகள் இருந்தால், ஒரு வரம்பு வரை ஒவ்வொரு டாலர் சம்பளத்துக்கும் அரசு 40 சென்ட் கூடுதலாகக் கொடுத்தது. சம்பளம் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. அடுத்தது, 1996 ஆகஸ்டில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம். பழைய உதவித்தொகை ஒழிந்தது. புதிய உதவிக்கு வேலை நிபந்தனை, வாழ்நாளில் பொதுவாக ஐந்து ஆண்டு உச்சவரம்பு, மாநிலங்களுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,650 கோடி டாலர் என்று நிலையான ஒதுக்கீடு. மூன்றாவது, பொருளாதாரமே அப்போது நல்ல ஓட்டத்தில் இருந்தது, ஆள் கிடைக்காமல் கடைகளும் கம்பெனிகளும் திண்டாடின.

1994இல் சுமார் 50 லட்சம் குடும்பங்கள் உதவி வாங்கின. 2000இல் அது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தனித்தாய்மார்கள் வேலைக்குப் போவது வேகமாக உயர்ந்தது, அது உண்மையான உயர்வு. ஆனால் பெருமை யாருக்கு? புரூஸ் மேயர், டான் ரோசன்பாம் என்ற இரு பொருளியலாளர்கள், பெரும்பங்கு அந்த வரிச் சலுகைக்கே என்று கணக்கிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து ஹென்ரிக் கிளெவன் அந்த முடிவைக் கேள்விக்குள்ளாக்கினார். 1996 சட்டமும் பொருளாதார ஏற்றமும் சேர்ந்து வந்ததால் வரிச் சலுகையின் பங்கு பெரிதாகத் தெரிகிறது என்பது அவர் வாதம். இன்றும் இந்த வாக்குவாதம் முடியவில்லை.

உதவியை விட்டு வெளியேறியவர்களில் ஐந்தில் மூன்று பேர் அளவுக்கு வேலையில் இருந்தார்கள், பெரும்பாலும் குறைந்த கூலியில். மற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலையும் இல்லை, உதவியும் இல்லை. 2008இல் பொருளாதாரம் சரிந்தபோது உணவு உதவி வாங்குவோர் எண்ணிக்கை தேவைக்கு ஏற்ப வெகுவாக உயர்ந்தது. இந்தப் பண உதவியோ கொஞ்சம்தான் அசைந்தது. வேலை இல்லாத காலத்தில் வேலை நிபந்தனை என்ன செய்யும்? 1996இல் குழந்தைகள் உள்ள 100 ஏழைக் குடும்பங்களில் 68க்கு இந்த உதவி போய்ச்சேர்ந்தது. 2020இல் அது 21 ஆகிவிட்டது. ஒதுக்கீட்டுத் தொகை அன்று நிர்ணயித்தபடியே, விலைவாசிக்கு ஏற்ப ஏறாமல் நின்றதும் இதற்கு ஒரு காரணம்.

தூண்டுவது, கட்டாயப்படுத்துவது இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வழி உண்டா? ஓரளவுக்கு உண்டு. கனடாவில் 1990களில் பிரிட்டிஷ் கொலம்பியா, நியூ பிரன்ஸ்விக் மாகாணங்களில் ஒரு பரிசோதனை நடந்தது. ஓராண்டுக்கு மேல் அரசு உதவியில் இருந்த தனிப்பெற்றோர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் சொன்னது இதுதான்: ஓராண்டுக்குள் வாரம் 30 மணி நேர வேலைக்குச் சேர்ந்தால், உங்கள் சம்பளத்துக்கும் ஓர் இலக்குத் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை மூன்று ஆண்டு வரை தருவோம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடக்கத்தில் அந்த இலக்கு ஆண்டுக்கு 37,000 டாலர். 15,000 சம்பாதிப்பவருக்கு மேலும் 11,000. சேர விருப்பமில்லாதவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. ஓராண்டு முடியும் நேரத்தில் அந்தக் குழுவில் முழுநேர வேலையில் இருந்தவர்கள் மற்றக் குழுவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய உதவியையே வாங்கி வருடக்கணக்காக வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். கணக்கு மாறியதும் கிளம்பிவிட்டார்கள். மூன்றாண்டு முடிந்து கூடுதல் தொகை நின்றபின் இரு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசம் மெல்ல மறைந்தது. மூன்றாண்டு வேலை அனுபவம் மட்டுமே ஒருவரை நல்ல கூலிக்கு உயர்த்திவிடாது என்பது இதில் கிடைத்த கசப்பான செய்தி.

கட்டாயம் மட்டும் இருந்த இடம் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம். 2018 ஜூனில் அங்கே மெடிக்கெய்டு வாங்கும் ஒரு பிரிவினர் மாதம் 80 மணி நேரம் வேலை, படிப்பு அல்லது சேவை செய்ததாகப் பதிவு செய்ய வேண்டும் என்று விதித்தார்கள். மூன்று மாதம் தவறினால் அந்த ஆண்டின் மீதிக் காலம் முழுக்கக் காப்பீடு இல்லை. முதலில் இணையத்தில் மட்டும்தான் பதிவு. அந்த இணையதளமோ இரவு 9 மணிக்கு மூடி காலை 7 மணிக்குத்தான் திறக்கும். இரவு ஷிப்ட் முடிந்து வருபவர் என்ன செய்வார், செல்போனில் டேட்டா தீர்ந்தவர் என்ன செய்வார் என்று யாரும் யோசிக்கவில்லை. சில மாதங்களில் சுமார் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது. பின்னர் வந்த ஆய்வு, வேலையில் இருப்போர் எண்ணிக்கை கூடியதற்கு எந்த அடையாளமும் இல்லை என்றது. காரணமும் அதிலேயே இருந்தது. இந்த விதிக்கு உட்பட்ட வயதினரில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே அந்த 80 மணி நேரத்தை நிறைவு செய்துகொண்டிருந்தார்கள், அல்லது விதிவிலக்குக்கு உரியவர்களாக இருந்தார்கள். வேலை செய்பவர்களைத்தான் வேலை செய்வதாக நிரூபிக்கச் சொல்லி, நிரூபிக்கத் தெரியாதவர்களை வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

அப்படியானால் நிபந்தனையே இல்லாமல் பணம் கொடுத்தால்? இதில் இரண்டு விளைவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பணம் வந்துவிட்டதே, கொஞ்சம் ஓய்வெடுக்கலாம் என்று தோன்றுவது ஒன்று, இதை வருமான விளைவு என்பார்கள். உழைத்தால் உதவி குறையுமே என்று தயங்குவது இன்னொன்று, இது பதிலீட்டு விளைவு. யுனிவர்சல் கிரெடிட் போன்றவற்றில் இரண்டும் உண்டு. தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத் தொகை போன்ற திட்டத்தில் இரண்டாவது ஏறக்குறைய இல்லவே இல்லை. 2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இந்த வாரம் ஒரு நாள் கூடுதலாகக் கூலிக்குப் போனால் அந்த ஆயிரத்தில் எதுவும் குறையப்போவதில்லை. ஆண்டுக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கோடு மட்டும் உண்டு. ஆயிரம் ரூபாயை நம்பி ஒரு குடும்பம் வேலையை விடும் அளவுக்கு அது பெரிய தொகையும் அல்ல. மெக்சிகோ, ஹோண்டுராஸ், நிகராகுவா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மொராக்கோ ஆகிய நாடுகளின் பண உதவித் திட்டங்களை பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி உள்ளிட்டோர் சேர்த்து ஆராய்ந்தபோதும், பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்ததாக ஒழுங்கான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. இதைத் தொகை பெரிதாக இருக்கும் பணக்கார நாட்டுக்கு அப்படியே தூக்கிப் பொருத்தக்கூடாது. அங்கத்திய "சோம்பேறி" பேச்சை இங்கே இறக்குமதி செய்வதும் அதே அளவு தப்பு.

பணக் கணக்கில் வராத ஒரு பயத்தையும் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதத் தற்காலிக வேலை கிடைக்கிறது. போனால் உதவி நிற்கும். வேலை முடிந்ததும் மறுபடி விண்ணப்பித்து, பணம் கைக்கு வருவதற்குள் வாடகை பாக்கி விழுந்துவிடும். யுனிவர்சல் கிரெடிட்டில் புதிதாக விண்ணப்பிப்பவருக்கு முதல் தொகை வர ஐந்து வாரம் ஆகும், அதுவரை முன்பணம் வாங்கினால் அது கடனாகப் பின்னால் பிடிக்கப்படும். சேமிப்பே இல்லாதவருக்கு ஐந்து வாரம் மிக நீண்ட காலம். நிலையில்லாத வேலையை மறுப்பவர்களில் பலர் இந்தப் பயத்தால்தான் மறுக்கிறார்கள். குறைப்பு வீதத்தை எவ்வளவு நுட்பமாக அமைத்தாலும் இந்தப் பயம் தீராது. விட்ட இடத்திலேயே தாமதமில்லாமல் உதவி திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தால் மட்டுமே தீரும்.

ஆர்கன்சாவில் நீதிமன்றம் நிறுத்திய அந்த 80 மணி நேர விதி இப்போது பெரிய அளவில் திரும்பி வந்திருக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டத்தின்படி, மெடிக்கெய்டு விரிவாக்கத்தின் (ஏழைப் பெரியவர்களில் மேலும் பலரை மெடிக்கெய்டில் சேர்த்த ஏற்பாடு) கீழ் வரும் 19 முதல் 64 வயதுவரையிலான பெரியவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை, படிப்பு அல்லது சேவை செய்ததைக் காட்ட வேண்டும். சின்னக் குழந்தைகளின் பெற்றோர், உடல்நலம் குன்றியவர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவரச் சட்டம் வைத்திருக்கும் கெடு 2027 ஜனவரி 1. சம்பளப் பதிவேடுகளை அரசே சரிபார்த்து மணி நேரத்தைத் தானாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாநிலத்திலும், ஒவ்வொருவரும் தானே பதிவு செய்ய வேண்டும் என்று விடும் மாநிலத்திலும் எத்தனை பேர் காப்பீட்டை இழக்கிறார்கள் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க அதன் பிறகு வாய்ப்புக் கிடைக்கும்.